கூற்றுவினையின் பன்மையும் கூற்றின் பொருளும்: சித்தூர் – திருப்பதி எல்லை வழக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சிக்கு நம் பள்ளிகளின் ஆங்கில இலக்கண வகுப்பில் தனியிடம் உண்டு. ரென், மார்ட்டின் ஆகிய இருவர் எழுதி 1930களில் வெளிவந்த இலக்கண நூலின் வழிவந்த பயிற்சி நூல்கள் பலவும் இதனை இரு படிகளாக அமைத்துள்ளன. முதற்படியில் மூவிடப்பெயரும் காலமும் சுட்டும் மாறும். இரண்டாம் படியில் கூற்றுவினை மாறும். பிறர் கூற்றை எடுத்துரைக்கும் தொடரில் அக்கூற்றைத் தாங்கி நிற்கும் வினையையே இக்கட்டுரை கூற்றுவினை என்று குறிக்கிறது. 'செட்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். வினா எனில் 'ஆஸ்க்டு', வேண்டுகோள் எனில் 'ரிக்வெஸ்டட்', ஏவல் எனில் 'ஆர்டர்டு', வியப்பும் துயரும் எனில் 'எக்ஸ்க்ளெய்ம்டு' என்று மாற்ற வேண்டும். மேல்வகுப்புகளில் 'அட்மிட்டட்', 'டினைடு', 'கிளெய்ம்டு', 'வார்ன்டு', 'கன்ஃபெஸ்டு' என்று பட்டியல் நீளும். ஒரே வினையைத் திரும்பத் திரும்ப எழுதுவது நடைக்குறை என்பதும், வினைகளைப் பலவாக்குவது நடையழகு என்பதும் இப்பயிற்சியின் அடிநிலைக் கருத்துகள்.

இக்கட்டுரையாளர் சித்தூரில் பள்ளியில் பயின்றபோது ஒரே வகுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் கலந்து அமர்ந்திருந்தோம். ஆசிரியர் எங்கள் ஏடுகளில் 'செட்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அதன் மேல் வேறொரு வினையை எழுதித் தருவார். அடிக்கப்பட்ட சொல் பிழையானதன்று. மேலே எழுதப்பட்ட சொல் சரியானது என்பதற்குத் தொடரில் சான்று இருந்ததா என்று அன்று எவரும் கேட்கவில்லை. இன்று மொழிபெயர்ப்புப் பயில்வோரின் பயிற்சித் தாள்களைப் படிக்கும்போதும் அதே சிவப்பு மை அவர்கள் மனத்தில் நின்று வேலை செய்வதைக் காண முடிகிறது.

கூற்றுவினைகளைப் பலவாக்குதல் ஆங்கிலத்திலேயே நடைக்குரிய செய்தி மட்டும் அன்று. அது கூறியவன் கூற்றின் மேல் எடுத்துரைப்பவன் ஏற்றும் தீர்ப்பு. தமிழும் தெலுங்கும் கூற்றின் ஆற்றலை வேறிடத்தில் வைத்துள்ள மொழிகள். அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது, பள்ளியில் பெற்ற இப்பழக்கம் இல்லாத தீர்ப்பை உண்டாக்கிவிடுகிறது. இதுவே இங்கு நிறுவ முயல்வது.

2. ஆங்கில வினைகளின் உட்கிடை

'ஸே' என்னும் வினை கூறுதல் நிகழ்ந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. 'அட்மிட்' அத்தகையதன்று. கூறப்பட்ட செய்தி உண்மை, அது கூறியவனுக்கு இழுக்குத் தருவது, அவன் அதனை முன்னர் மறைத்திருக்கலாம் என்னும் மூன்றையும் அது உடன்கொண்டு வருகிறது. 'கிளெய்ம்' நேர்மாறானது, செய்திக்குத் தான் பொறுப்பில்லை என்று எடுத்துரைப்பவன் விலகி நிற்கிறான். 'பாயிண்ட் அவுட்' என்றால் செய்தியை அவனே வழிமொழிந்தவனாகிறான். உண்மையை முற்கோளாகக் கொள்ளும் வினைகளைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டிய கிபார்ஸ்கி இணையரின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையும், தீர்ப்பு வினைகளை ஆராய்ந்த ஃபில்மோரின் கட்டுரையும் மொழியியலார் நன்கறிந்தவை. 'அக்யூஸ்' என்னும் வினை செயல் தீயது என்பதை முற்கோளாகக் கொண்டு, செய்தவன் இவன் என்பதை வலியுறுத்துகிறது. 'கிரிட்டிசைஸ்' செய்தவன் இவன் என்பதை முற்கோளாகக் கொண்டு, செயல் தீயது என்பதை வலியுறுத்துகிறது என்று ஃபில்மோர் காட்டியது, பின்னர் வரும் ஒரு தமிழ்ச் சொல்லுக்கும் பொருந்தும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் கூற்றுவினைகளைப் பற்றித் தாம்ப்சனும் யீயும் 1991இல் எழுதியதும் இதன் தொடர்ச்சியே: மேற்கோள் காட்டுபவர் தேர்ந்தெடுக்கும் வினையிலேயே அவரது மதிப்பீடு அமைந்துவிடுகிறது.

எனவே 'ஒரே வினையைத் திரும்ப எழுதாதே' என்னும் அறிவுரை, 'ஒரே நிலைப்பாட்டில் நிற்காதே' என்று சொல்வதற்கு ஒப்பாகும். புனைகதைத் துறையில் ஆங்கில எழுத்தாளர்கள் சிலரே இதனை எதிர்த்துள்ளனர். உரையாடலைத் தாங்குவதற்கு 'செட்' தவிர வேறு வினை வேண்டா என்பது எல்மோர் லியோனார்டு 2001இல் வகுத்த விதிகளுள் ஒன்று. கதையில் இவ்விதி மீறப்பட்டால் கெடுவது நடை மட்டுமே. செய்தியிலும் வாக்குமூலத்திலும் கெடுவது வேறு.

3. 'என்று', 'அனி'

தமிழில் கூற்றை முடித்துக் காட்டும் 'என்று' என்னும் சொல் 'என்' என்னும் வினையின் இறந்தகால எச்சம். தெலுங்கின் 'அனி' அவ்வாறே 'அனு' என்னும் வினையின் எச்சம். வடமொழியின் 'இதி'யோடு இவற்றை ஒப்பிட்டு இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காணும் ஆய்வு எமனோ, கைப்பர் ஆகியோரால் வளர்ந்தது. அது இங்கு வேண்டற்பாலதன்று. நமக்கு வேண்டியது இவ்வளவே: ஆங்கிலத்தின் 'தட்' கூறுதற் பொருள் அற்ற வெற்று இணைப்பு. ஆதலின் கூறுதற் பொருள் முழுவதையும் அதற்கு முன் நிற்கும் வினை சுமக்க வேண்டும். நம் மொழிகளில் இணைப்புச் சொல்லே சொல்லுதலைக் குறித்த வினையிலிருந்து பிறந்தது. அதனால்தான் 'வருகிறேன் என்றான்', 'வஸ்தானன்னாடு' ஆகியவை வேறு வினையின் துணையின்றி நிறைவு பெறுகின்றன.

இன்னொன்றும் உண்டு. 'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு பொருள்நிலைகளில் வரும் என்றும், 'என்று' என்பதும் அத்தன்மையதே என்றும் தொல்காப்பிய இடையியல் கூறுகிறது. கூற்றை ஏற்கும் அதே சொல் குறிப்பையும் இசையையும் ஏற்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்னாப்டு' என்று ஒரு வினைக்குள் அடக்கப்படுவதைத் தமிழ் 'வெடுக்கென்று சொன்னான்' என்று வினைக்கு இடப்புறத்தில் விரிக்கிறது. தெலுங்கோ ஒலிக்குறிப்போடு 'அனு' வினையையே சேர்த்துக் 'கய்யிமன்னாடு' என்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னான், தயங்கித் தயங்கிச் சொன்னான், அடிக்குரலில் சொன்னான் என்பவற்றில் வினை மாறவில்லை. அதன் முன் நிற்பது மாறுகிறது. நம் மொழிகளில் வகைமை இல்லை என்பதன்று. அது இருக்கும் இடம் வேறு.

நிகண்டுகள் சொல்லுதற்குப் பல பெயர்களைத் தொகுத்துள்ளனவே என்று வினவலாம். இயம்பு, விளம்பு, புகல், பகர், நவில், சாற்று, செப்பு என்பன செய்யுளில் எதுகைக்கும் மோனைக்கும் தளைக்கும் உதவின. இன்றைய உரைநடையில் அவை பொருள் வேறுபாடு காட்டுவதில்லை. பழமை நெடியே காட்டுகின்றன. ஆங்கில நாவலின் 'ரிப்ளைடு', 'ரிமார்க்டு', 'அப்சர்வ்டு' ஆகியவற்றை 'விடையிறுத்தான்', 'இயம்பினான்', 'நவின்றான்' என்று மொழிபெயர்ப்போர் இன்னும் உளர். தேநீர்க்கடையில் நின்று பேசும் இருவர் ஒருவருக்கொருவர் இயம்பிக்கொள்வதைப் படிக்கும்போது நகை தோன்றுகிறது. மறுதலையாக, சித்தூர் வட்டாரப் பேச்சிலேயே கதை எழுதிய நாமினி சுப்பிரமணியம் நாயுடு போன்றோரை மொழிபெயர்ப்பவர், வாய்மொழி நடைக்குரிய 'அன்னாடு', 'அனிந்தி' ஆகியவற்றைப் பலவாக்கி அழகுபடுத்த முற்பட்டால் கதைசொல்லியின் குரல் போய்விடும். (செப்பு என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. தொல்காப்பியத்தில் அது வினாவுக்கு எதிரான விடை. இன்றைய தமிழில் அது நூல்வழக்கு. திருப்பதிப் பேருந்து நிலையத்தில் அது நாளெல்லாம் காதில் விழும் அன்றாடச் சொல்.)

4. வரச்சொல்லுதலும் வேண்டிக்கொள்ளுதலும்

ஏவற்பொருள் தரும் கூற்றுகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தோன்றும். 'வட்டாட்சியர் வரச்சொன்னார்' என்பது எல்லைப்புறத்தில் நாள்தோறும் கேட்கும் தொடர். தெலுங்கில் 'ரம்மன்னாரு'. இது கட்டளையா, வேண்டுகோளா, அழைப்பா, இசைவா? தொடர் இதற்கு விடை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. யார், யாரை, எதற்காக வரச்சொன்னார் என்பது கேட்பவருக்குத் தெரியும். 'வா', 'வாருங்கள்', 'வரவும்' என்ற வேறுபாடுகள் நேர்கூற்றில் இருந்தன. அயற்கூற்றில் அவை மறைந்துபோவதை மொழி குறையாகக் கருதவில்லை. ஆங்கிலத்திலும் 'டோல்டு' என்னும் வினை ஓரளவு இவ்வாறே நிற்கும். ஆனால் பயிற்சித்தாள் அதனை ஏற்காது. 'ஆர்டர்டு' என்றோ 'ரிக்வெஸ்டட்' என்றோ மாணவன் முடிவு செய்தாக வேண்டும். நேர்கூற்றில் 'ப்ளீஸ்' இருந்தால் வேண்டுகோள், இல்லாவிடின் கட்டளை என்பது அவனுக்குக் கற்பிக்கப்படும் வழி. தமிழிலும் தெலுங்கிலும் பணிவைக் காட்டுவது வினைமுற்றின் ஈறும் விளிச்சொல்லும் ஆதலால், 'ப்ளீஸ்' என்பதற்கு ஈடான தனிச்சொல்லை நம்மவர் பேச்சில் தேடிக் காணாதவன் எல்லாவற்றையும் கட்டளையாக்கிவிடுவான்.

திருமலைக்குரிய எடுத்துக்காட்டு ஒன்று. 'மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள்'. தெலுங்கில் 'தலநீலாலு இஸ்தானனி மொக்குகுந்தி'. தெலுங்கு வினை நேர்ச்சையை மட்டும் குறிக்கிறது. தமிழ் வினையோ வேண்டுதலையும் நேர்ச்சையையும் ஒருசேரக் குறிக்கிறது. பெறுவதும் தருவதும் அதில் பிரியவில்லை. இதனை ஆங்கிலமாக்கும் மாணவர்கள் 'ரிக்வெஸ்டட் காட்' என்று எழுதுவதுண்டு. அவர்கள் மேல் குறையில்லை. வேண்டு என்றால் 'ரிக்வெஸ்ட்' என்று பட்டியலில் உள்ளது. 'வவ்டு' என்று எழுதினால் நேர்ச்சை மட்டும் நிற்கும்; எதற்காக நேர்ந்துகொண்டாள் என்னும் மறுபாதியைத் தனியே சேர்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் பட்டியல் முறையின் எல்லை இங்கே புலப்படுகிறது.

5. நன்னூலாரின் எட்டு விடைகள்

நம் இலக்கண மரபு இவ்வினாவை எப்படி அணுகியது? கூற்றின் ஆற்றலை அது கூற்றுவினையில் தேடவில்லை, கூற்றிலேயே தேடியது. செப்பும் வினாவும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் என்று கிளவியாக்கம் கூறும். நன்னூல் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகப் பகுக்கும். முதல் மூன்றும் வெளிப்படையானவை. எஞ்சிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. பேச்சுச்செயல் பற்றி ஆஸ்டினும் சேர்லும் எழுதியதைப் படித்தோர்க்கு இப்பகுப்பு புதுமையாகத் தோன்றாது. அவ்விருவர்க்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, நேரே கூறாத கூற்றும் கூற்றே என்பதையும், அது நேர்விடையினின்று வேறுபட்டது என்பதையும் நன்னூலார் பிரித்துணர்ந்திருந்தார்.

இனமொழி இங்கு நம் கருத்துக்குரியது. கேட்டதற்கு நேரே உடன்படாமலும் மறுக்காமலும், அதற்கு இனமான வேறொன்றைச் சொல்லுதல் இனமொழி விடை. அதன் குறிப்பைக் கேட்பவர் கொள்ள வேண்டும். அது உடன்பாடா எதிர்மறையா என்பது சூழலைப் பொறுத்தது.

'மரம் வெட்டினாயா?' என்று ஒருவர் கேட்கிறார். 'கூலிக்கு வந்தேன்' என்று மற்றவர் சொல்கிறார். வெட்டினேன் என்றும் இல்லை. வெட்டவில்லை என்றும் இல்லை. இவ்விடையை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக்குக என்று வினாத்தாளில் கேட்டால் என்ன எழுதுவது? இவ்வினாவைப் பள்ளிப்பயிற்சி என்று விட்டுவிட முடியாத ஊர் ஒன்று உண்டு.

6. சேசாசலம், ஏப்ரல் 2015

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேசாசலம் காட்டில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரி வட்டாரத்தில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபின் அவ்விடம் அம்மாவட்டத்தில் அடங்கியது. மரம் வெட்டியோர் கற்களாலும் கருவிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது காவல்துறையின் கூற்று. பேருந்தில் வந்தவர்கள் முன்னரே பிடித்துச் செல்லப்பட்டனர் என்பது உயிர் தப்பியோர் சார்பில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட கூற்று. இவற்றுள் எது உண்மை என்று முடிவு செய்வது மொழியியலின் வேலை அன்று. இரு கூற்றுகளும் எவ்வினைகளைப் பெற்றன என்று கேட்பது அதன் வேலை.

கீழ்வரும் தொடர்கள் எந்த நாளிதழிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல. செய்தி நடையின் வாய்பாட்டைக் காட்டக் கட்டுரையாளர் அமைத்தவை.

'தொழிலாளர்கள் கற்களை வீசித் தாக்கியதாகக் காவல்துறையினர் தெரிவித்தனர்.' 'தம் கணவரைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசென்றதாக அப்பெண் குற்றஞ்சாட்டினார்.'

நாளிதழ் படிப்போர் இவ்விரண்டிலும் புதிதாக எதனையும் காணமாட்டார்கள். அதுவே உற்றுநோக்கத்தக்கது. 'தெரிவி' என்பது 'தெரி' என்பதன் பிறவினை. தெரியாததைத் தெரியச்செய்தல் அதன் பொருள். தெரியச்செய்யப்படுவது உண்மையாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் வழக்கில் தேய்ந்துவிட்டது எனினும், அதன் சாயல் போய்விடவில்லை. 'விசாரணையில் தெரியவந்தது' என்னும் தொடரில் அச்சாயல் முழு உருவம் பெறுகிறது. யாருக்குத் தெரியவந்தது, யார் சொல்லித் தெரியவந்தது என்பதெல்லாம் மறைந்து, செய்தி மட்டும் உண்மையாக நிற்கிறது. மறுபுறம், அப்பெண் செய்தது தாம் அறிந்ததைச் சொல்லியது. 'குற்றஞ்சாட்டு' என்னும் வினை அதனைச் சான்றுரை என்னும் நிலையிலிருந்து இறக்கி வழக்காடல் ஆக்கிவிட்டது. ஃபில்மோர் கூறிய தீர்ப்பு வினைக்கு இதனினும் தெளிவான தமிழ் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மெய்ப்பிக்கப்படாமை இரு கூற்றுக்கும் பொது. வினைகள் மட்டும் பொதுவாக இல்லை.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஈடாக நிற்பவை 'செட்', 'அலெஜ்டு' ஆகியவை. 'அலெஜ்' என்பது சான்று காட்டாது கூறுதல் என்ற அளவில் நிற்கும் சட்டச் சொல். கூறியவனைக் குற்றஞ்சாட்டுபவனாக அது முன்னிறுத்துவது தமிழ்ச் சொல்லளவுக்கு இல்லை. ஆதலின் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் 'அலெஜ்டு' என்பதைக் 'குற்றஞ்சாட்டினர்' என்று மாற்றும்போது ஏற்றத்தாழ்வு ஒருபடி கூடுகிறது. 'கிளெய்ம்' இன்னும் இடர் தரும். அகராதியை நம்பி 'உரிமை கோரினார்' என்று எழுதுவோர் உளர். அது நிலத்துக்கும் காப்பீட்டுக்கும் பொருந்தும். உண்மையில் தமிழிடம் இதற்கு நேர்த்தியான வழி உள்ளது. 'கொள்' என்னும் துணைவினையே அது. 'தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டான்' என்பதில் விலகல் முழுமையாக உள்ளது. எனினும் இதில் ஏளனமும் சிறிது கலந்திருப்பதால் எல்லா இடத்துக்கும் ஒவ்வாது. கேள்விவழிச் செய்தியைக் காட்டும் 'ஆம்' ஈறும் (தெலுங்கில் 'அட') பேச்சில் இதனை எளிதாகச் செய்கிறது: 'கல்லால் அடித்தார்களாம்'. எழுத்துநடை இவ்வீற்றை ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் 'கூறப்படுகிறது' என்று செயப்பாட்டுவினையை வைத்து, கூறியவனையே நீக்கிவிட்டது. ஆங்கிலப் பயிற்சியோ 'ஆம்', 'அட' ஆகியவற்றை ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

7. ஒப்புக்கொள்ளுதல்

இனி, முன்னர் நிறுத்திய வினாவுக்கு வருவோம். தமிழ் பேசும் கூலியாள் ஒருவனைத் தெலுங்கு பேசும் காவலர் வினவுகிறார் என்று கொள்க. இதுவும் கட்டுரையாளர் அமைத்துக்கொண்ட நிகழ்வே. 'செட்டு நரிகாவா?' என்பது வினா. 'கூலிக்கு வந்தேங்க' என்பது விடை. காவலர் தம் மேலலுவலரிடம் 'கூலிகி வச்சானன்னாடு' என்கிறார். இதுவரை யாதொரு கேடும் நிகழவில்லை. 'அன்னாடு' கூலியாளின் சொல்லை உள்ளவாறே தாங்கிச் செல்கிறது. இனமொழி இனமொழியாகவே உள்ளது. இதனை ஆங்கிலக் குறிப்பாக எழுதுபவர் 'செட்' என்று எழுதினால் அப்போதும் கேடில்லை. ஆனால் 'செட்' என்று எழுதுவது நடைக்குறை என்று பதினைந்து வயதில் கற்றவர் அவர். 'ஹி அட்மிட்டட்' என்று எழுதுகிறார். எழுதிய உடனே அவ்வினைக்குப் பின் 'தட்' தொடரோ தொழிற்பெயரோ வேண்டியிருக்கிறது. கூலிக்கு வந்ததை மட்டும் 'அட்மிட்' செய்வதில் இழுக்கு ஒன்றும் இல்லையாதலின், மரம் வெட்டக் கூலிக்கு வந்ததாக விரிக்கிறார். இனமொழி நேர்விடையாகிவிட்டது. பொய் எழுத வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லை. வினையின் முற்கோள் தனக்கு வேண்டிய செய்தியைத் தானே வருவித்துக்கொண்டது.

மறுதிசையிலும் இடர் உண்டு. 'ஒப்புக்கொள்', 'ஒப்புகொனு' ஆகிய இரண்டும் இசைதல், குற்றத்தை ஏற்றல் என்னும் இரு பொருளும் உடையவை. 'மரம் வெட்ட ஒப்புக்கொண்டான்' என்றால் வேலைக்கு இசைந்தான். 'மரம் வெட்டியதை ஒப்புக்கொண்டான்' என்றால் குற்றத்தை ஏற்றான். இரண்டையும் பிரிப்பது எச்சமும் வேற்றுமை உருபும் மட்டுமே. பேச்சில் 'மரம் வெட்டறதுக்கா? ஒத்துக்கிட்டான்' என்று துண்டுபட்டு வரும்போது அப்பிரிவும் போய்விடும். ஆங்கிலத்தில் 'அக்ரீடு', 'கன்ஃபெஸ்டு' என்று இரு வேறு வினைகள் உள்ளமையால் மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்வு தவறினால் தரகனிடம் வேலைக்கு இசைந்தவன் காவலரிடம் குற்றத்தை ஏற்றவன் ஆகிறான்.

காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்று 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே விதிக்கிறது. ஆகவே வினை எதுவாயினும் என்ன என்று கேட்கலாம். நீதிமன்றத்துக்கு உள்ள இவ்விலக்கு செய்தியாளர் கூட்டத்துக்கு இல்லை. மறுநாள் நாளிதழுக்கு இல்லை. அதனை மொழிபெயர்க்கும் அடுத்த மாநில நாளிதழுக்கும் இல்லை. மேலும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இன் 281ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவனை நடுவர் வினவும்போது அது இயன்றவரை அவன் வினவப்பட்ட மொழியிலேயே பதியப்பட வேண்டும் என்று கூறியதும், புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்வதும், சட்டம் இயற்றியோர் இவ்விடரை உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும். 'இயன்றவரை' என்னும் சொல்லின் பரப்பு எல்லை மாவட்டங்களில் எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

இடப்பெயரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப் பேச்சில் 'தான் வெட்டுனேன்னு சொன்னான்' என்றும், தெலுங்கில் 'தானு நரிகானனி செப்பாடு' என்றும் வழங்கும். எழுவாய் படர்க்கை, பயனிலை தன்மை. பள்ளி இலக்கணம் இதனை இடவழு என்னும். சந்தியா சுந்தரேசனின் 2012ஆம் ஆண்டு ஆய்வேடு முதலாகத் தமிழிலும், டிராய் மெசிக் போன்றோர் வழியாகத் தெலுங்கிலும் இவ்வியைபு கோட்பாட்டு மொழியியலில் பெரிதும் பேசப்படுகிறது. நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் இடைப்பட்ட இவ்வடிவம் யார் வெட்டியது என்பதில் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை: சொன்னவனே வெட்டியவன். ஆங்கிலத்தின் 'ஹி செட் ஹி' என்பதில் இரண்டாவது 'ஹி' யார் என்பது தொடருக்குள் முடிவாவதில்லை. ஐவரை ஒன்றாக வினவும் இடத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

8. பயிற்சியை மாற்றும் வழி

கூற்றுவினைப் பட்டியலையே நீக்கிவிட வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்தன்று. 'வார்ன்', 'ப்ராமிஸ்', 'ரெஃப்யூஸ்' ஆகியவற்றை அறியாதவன் ஆங்கிலம் அறிந்தவனாக மாட்டான். பட்டியல் கற்பிக்கப்படும் திசையே பிழையானது. ஒரு நேர்கூற்றைக் கொடுத்து, அதற்கு எவ்வினை அழகு என்று கேட்கிறோம். அதற்கு மாறாக, ஒரே கூற்று மூன்று வினைகளோடு வந்த மூன்று அயற்கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எடுத்துரைப்பவர் கூறியவரை நம்புகிறாரா, கூறப்படாத எதனைச் சேர்த்துள்ளார் என்று கேட்கலாம். சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் போன்ற ஊர்களின் வகுப்பறைகளில் மூன்று மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதனைச் செய்ய இயலும்; வேறெங்கும் இவ்வாய்ப்பு எளிதிற் கிட்டாது. 'வரச்சொன்னார்', 'ரம்மன்னாரு' ஆகியவற்றை எழுதி, இதனை 'டோல்டு' என்று விடுவதற்கும் 'ஆர்டர்டு' என்று ஆக்குவதற்கும் இடையே என்ன கூடியது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவன் விடை சொல்வான். மொழிபெயர்ப்புப் பயிலரங்குகளில் தெலுங்குச் செய்திக் குறிப்பைத் தமிழாக்கும்போது, 'செப்பாரு' என்று உள்ள இடத்தில் 'தெரிவித்தனர்' என்று எழுதியோரிடம் காரணம் கேட்டால், 'அப்படித்தான் எழுதுவது வழக்கம்' என்பதே பெரும்பாலும் வரும் விடை. 'சொன்னார்கள்' என்று மாற்றச் சொன்னால், செய்தி நடைக்குத் தாழ்வு என்று தயங்குவார்கள்.

'கூலிக்கு வந்தேன்' என்பதை அயற்கூற்றாக்கச் சொன்ன வினாவுக்கு உரிய விடை, வந்தது கூலிக்கு என்று அவன் 'செட்' என்பதே. அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.